புதியவரை வரிசையின் கடைசியில் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் அதன் குதிரைத்திறன் எவ்வளவு, 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று எல்லாம் போடுகிறீர்கள். அப்படி ஒரு கார் சாலையோரம் கவிழ்ந்து கிடந்தால் அந்தப் படமும் வந்துவிடுகிறது. இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். முதல் தடவையாக அந்த மாதிரிக் காரை வாங்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் அந்தக் கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் போய்ச் சேருகிறவர். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிளப்பில் பத்துப் பன்னிரண்டு கார்களாகச் சேர்ந்து காலையில் ஒரு டிரைவ் கிளம்பும்போது, புதிதாகச் சேர்ந்தவரை வரிசையின் கடைசியில் போடும் பழக்கம் இருக்கிறது. "நீங்க புதுசு, பின்னாடியே மெதுவா வாங்க, அவசரமே இல்லை" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். சொல்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த வரிசையில் அதைவிட ஆபத்தான இடம் வேறு இல்லை. இந்தப் பழக்கம் எந்தக் கிளப்பில் இருந்தாலும் அடுத்த டிரைவிலிருந்தே நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஏன் என்று சொல்கிறேன். முதலில் போகும் லீட் கார் ஒரு வளைவை 50 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வெளியே வந்ததும் சாதாரணமாக 80-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பத்தாவது கார் இன்னும் வளைவுக்கே வந்திருக்காது. அது வளைவைத் தாண்டி வெளியே வந்து பார்க்கும்போது முன்னால் நேர்ச்சாலை காலியாகக் கிடக்கும், மற்ற எல்லோரும் எங்கோ போயிருப்பார்கள். விட்டதைப் பிடிக்க வேண்டுமென்றால் 80 போதாது, 95, 100, 110 என்று மிதிக்க வேண்டும், அப்படி மிதித்துக்கொண்டு போகும்போதே அடுத்த வளைவு வந்துவிடும், முன்னால் போனவர்கள் எல்லாம் வேகம் குறைத்து நெருங்கி வந்திருப்பார்கள், இவர் அத்தனை வேகத்திலிருந்து அவர்கள் வாலில் போய்ப் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி வரிசை விரிந்து விரிந்து சுருங்கும். முதல் காருக்கு அது தெரியவே தெரியாது, அவர் நிதானமாகத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் இருப்பவர்தான் அன்றைக்கு எல்லோரையும்விட வேகமாக ஓட்டியிருப்பார். அவர்தான் அந்தக் காரை எல்லோரையும்விடக் குறைவாக அறிந்தவர்.

இதற்கு மாற்று ரொம்பச் சுலபம், ஒரு பைசா செலவில்லை. புதியவரை லீட் காருக்கு நேர் பின்னால், இரண்டாவதாக விடுங்கள். லீட் ஓட்டுபவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து வேகத்தை வைக்கட்டும். இடைவெளி விழுந்தால் லீட் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், மொத்த வரிசையும் அந்த வேகத்துக்கு வந்துவிடும். இன்னொரு லாபமும் இருக்கிறது: முன்னால் போகும் கார் எங்கே பிரேக் பிடிக்கிறது, வளைவில் எந்த ஓரமாக நுழைகிறது என்பது இரண்டாவது காரில் இருப்பவருக்கு மட்டும்தான் தெளிவாகத் தெரியும், வேறு யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் பாதியைக் கற்றுக்கொண்டுவிடுவார். கடைசி இடம் வழி நன்றாகத் தெரிந்த, பஞ்சர் கிட்டும் முதலுதவிப் பெட்டியும் வைத்திருக்கிற ஒரு பழைய மெம்பருக்கு. அப்புறம் ஒரே ஒரு விதி: சாலை பிரியும் இடத்தில், தனக்குப் பின்னால் வரும் கார் கண்ணாடியில் தெரியும்வரை ஒவ்வொருவரும் பத்திரமான ஓரத்தில் காத்திருக்க வேண்டும். அந்த விதி இருந்தால் தொலைந்துவிடுவோமோ என்ற பயமே யாருக்கும் வராது, பயம் இல்லாவிட்டால் துரத்தலும் இல்லை.

"ஓட்டத் தெரிந்தவர்தானே காரை வாங்கியிருக்கிறார், இதற்கெல்லாம் பாடமா?" என்று சிலர் கேட்பார்கள். இருபது வருடம் சாதாரணக் கார் ஓட்டியவருக்குக்கூட இது வேறு மாதிரியான வண்டி. சாதாரணக் கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரம்தான் இழுக்கிறது. வளைவில் வேகம் அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்போம், வண்டி அனேகமாக ஒழுங்காக அடங்கிவிடும். பின்சக்கரம் தள்ளுகிற, நீளம் குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் அதே வேலையைச் செய்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்டயர்கள் சாலையைப் பிடிக்கும் பிடி குறைந்து, பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வரும். என்ஜின் பின்னால் இருக்கிற காராக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் வீசுகிற பக்கத்தில்தான் கனமும் இருக்கிறது. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்த போர்ஷே 911 ஆரம்ப வருடங்களில் இந்தக் குணத்துக்குப் பெயர் போனது, 1969 மாடலில் முன்பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டித்தான் கொஞ்சம் அடக்கினார்கள். இன்றைய கார்களில் வண்டி நிலை தவறாமல் பார்த்துக்கொள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, உண்மைதான், நிறைய பேரைக் காப்பாற்றுகிறது. ஆனால் டயருக்கு இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்குத் தேவையான தூரம் சுமார் நான்கு மடங்கு என்கிற கணக்கும் எந்தக் காருக்கும் மாறாது.

குளிர்ந்த டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் டயர்களின் ரப்பர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசிவிட்டுக் கிளம்பும்போது அது ஆறிப்போயிருக்கும். அப்போது சுற்றி நாற்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள், யாராவது "என்ஜின் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று கத்துவார்கள். கார் சந்திப்பு முடிந்து கிளம்புகிற வாசலில் நடக்கிற விபத்துகளின் கதை இதுதான், நிற்பவர்கள் மேலேயே வண்டி ஏறிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆகவே கிளம்பும்போது சத்தமும் கிடையாது, சக்கரம் சுற்றுவதும் கிடையாது என்று கிளப் எழுத்தில் வைக்க வேண்டும், மீறினால் அடுத்த டிரைவுக்கு வராதே என்று சொல்லும் துணிவும் வேண்டும். எத்தனை விலை உயர்ந்த கார் வைத்திருப்பவரானாலும் சரி.

எங்கள் கிளப்பில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாக வருபவர் தன் காரை எடுப்பதற்கு முன்னால், பழைய மெம்பர் ஒருவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வர வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. நான் எதிர்பார்த்த மாதிரி அவர் எதையும் வேகமாகச் செய்யவில்லை. வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டார். பெடலிலிருந்து காலை எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை, காரின் மூக்கு மெல்ல நிமிர்ந்ததை வைத்துத்தான் எடுத்துவிட்டார் என்று புரிந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தன, தலை மட்டும் வளைவின் கடைசியை நோக்கித் திரும்பியிருந்தது. "கண்ணு எங்கே போகுதோ வண்டி அங்கே போகும் தம்பி, பள்ளத்தைப் பார்த்தா பள்ளத்துக்குத்தான் போகும்" என்றார். பிறகு இடம் மாறி என் காரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் காலைச் சட்டென்று எடுத்தபோதெல்லாம் "மெதுவா, மெதுவா எடுங்க" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனை பக்கம் படித்தாலும் வராத ஒன்று அரை மணி நேரத்தில் உடம்புக்கு வந்துவிட்டது. இதை எந்தக் கிளப்பும் நாளைக்கே தொடங்கலாம்.

இத்தனை நன்றாக ஓட்டுகிற அவரிடம் ஒரு சந்திப்பில் வேறொரு கிளப்காரர் "சார் வரலையா?" என்று கேட்டார். காரின் சாவி அவர் கையில் இருந்தது. பெண் ஒருத்தி ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கினால் அது கணவருடையதோ அப்பாவுடையதோ என்று நினைத்துப் பேசுவதை இனியாவது விடுங்கள். புதிதாகக் கார் வாங்கிய பெண்கள் முதல் சந்திப்போடு நின்றுவிடுவதற்கு இந்த மாதிரிக் கேள்விகள் போதும்.

இனி புதிதாக வாங்கியவர்களுக்கு. கிளப்பில் சேருவதைத் தள்ளிப்போடாதீர்கள், முடிந்தால் வாங்குவதற்கு முன்னாலேயே போய்ப் பேசுங்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடலின் நோய்கள் எல்லாம் அங்கே யாருக்காவது அத்துப்படியாக இருக்கும். துணிக் கூரை வைத்த சில பழைய இரண்டு இருக்கைக் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே வடிய வேண்டும். இலைத் தூளும் மண்ணும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால் வெளியே ஒன்றுமே தெரியாது, தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டி மாதிரியான பாகத்துக்குள் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். எங்கள் சந்திப்பில் ஒரு பெரியவர் இருக்கைக்குப் பின்னால் குனிந்து, மெல்லிய நைலான் குழாயை அந்தத் துளையில் விட்டு மெதுவாகத் திருகித் திருகி இறக்கினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சக்கரத்துக்கு முன்னால் பழுப்பு நிறத்தில் சொட்டியது, அப்புறம் கருப்புக் கூழாக ஒரு கை அளவு வந்து விழுந்தது, அதற்குப் பிறகுதான் தண்ணீர் தெளிவாக ஓடியது. "இதுக்குள்ளே கம்பியை நுழைக்காதீங்க, உள்ளே இருக்கிற குழாய் கழண்டுடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். அந்தக் காரின் ஓனருக்கு அப்படி ஒரு துளை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

டயரும் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் ஓடியிருக்கும், விற்பவரும் அதையே பெருமையாகச் சொல்வார். டயரின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் வெட்டுகள், தேயாமல் புதுசு மாதிரி இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2316 என்று இருந்தால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். நின்றபடியே வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. பட்டனைப் பார்த்து ஏமாறாமல் தேதியைப் பாருங்கள். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதீர்கள், என்ஜின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். இதற்காகவே சில பி.எம்.டபிள்யூ எம் கார்களில், ஆயில் சூடேறச் சூடேற ஆர்.பி.எம். மீட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் அது இல்லாவிட்டால் பொறுமைதான் வழி.

இதெல்லாம் கேட்க வெட்கப்படாதீர்கள். இன்னொன்று, உங்கள் கார் செகண்ட் ஹேண்ட், அந்தக் கம்பெனியின் விலை குறைந்த மாடல் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். இங்கே கிளப்புகளிடமும் எனக்கு வருத்தம் இருக்கிறது. நிறுத்தும் இடத்திலேயே விலைப்படி வரிசை பிரிப்பதும், படம் எடுக்கும்போது சின்னக் கார்களை ஓரம் கட்டுவதும் நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஓட்டும் சுகத்துக்கும் விலைக்கும் அவ்வளவு சம்பந்தம் கிடையாது. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் வந்த மஸ்தா எம்.எக்ஸ்-5 ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடையும் 1.6 லிட்டர் என்ஜினும்தான் வைத்திருந்தது, 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது, உலகத்தில் இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் அதைவிட அதிகமாக விற்றது வேறு இல்லை. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோதான், குதிரைத்திறன் 120-ஐ ஒட்டித்தான், ஆனாலும் வளைவுகளில் தன்னைவிட இரண்டு மடங்கு சக்தி உள்ள கார்களுக்குச் சவால் விடும். என்னைக் கேட்டால் முதல் ஸ்போர்ட்ஸ் காருக்கு எடை குறைந்த, சக்தி அளவான வண்டிதான் சரி. என் காரின் பெயரை எழுதவில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

இந்தக் கிளப்புகளின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் புகாட்டி ஓனர்ஸ் கிளப் தொடங்கியது 1929-இல், எம்.ஜி. கார் கிளப் 1930-இல். முதல் போர்ஷே கிளப் 1952-இல் ஜெர்மனியில் வந்தது, அமெரிக்காவின் போர்ஷே கிளப் 1955-இல். புகாட்டிக்காரர்கள் 1937-இல் பிரெஸ்காட் என்ற இடத்தையே விலைக்கு வாங்கினார்கள். அங்கே ஒரு குன்றின் மேல் ஏறும் ஒற்றைப் பாதையில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்கள், இன்றும் நடக்கிறது. வேகமாக ஓட்ட ஆசை இருக்கிறது, அதற்குப் பொதுச் சாலை சரிப்படாது, ஆகவே நமக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அமெரிக்கப் போர்ஷே கிளப்பில் புதியவர் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டரை உட்காரவைத்துப் பந்தய டிராக்கில் சொல்லிக்கொடுக்கும் திட்டமே தனியாக இருக்கிறது.

எல்லாக் கிளப்பாலும் குன்றை வாங்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு காலி மைதானத்தில் கூம்புகளை வைத்து, இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்டுகிற ஆட்டோகிராஸ் வைத்தாலே போதும். பின்பக்கம் வீசினால் எப்படி இருக்கும், எப்படி அடக்குவது என்பதை ஒரு பிளாஸ்டிக் கூம்பை இடிப்பதோடு கற்றுக்கொண்டுவிடலாம். பந்தய டிராக்கில் நம் காரையே ஓட்டிப் பார்க்கிற டிராக் டே அதற்கு அப்புறம்தான். டிராக்குக்குப் போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி. கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி, கருப்புக் கொடி, நீலக் கொடி எதற்கு என்று முந்தின நாளே படித்துக்கொள்ளுங்கள், ஓடும்போது யோசிக்க நேரம் இருக்காது. ஹெல்மெட் கார் பந்தயத்துக்கானதாக இருக்கட்டும், அவற்றுக்குத் தீத் தாங்கும் சோதனையும் உண்டு. ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாகப் போய் பிரேக்கை ஆறவிடுங்கள், நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், டிராக்கில் ஆகும் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

சந்தா கட்டுவதற்கு முன் கிளப்பிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு டிரைவுக்கு விருந்தாளியாக வந்து பார்த்துவிட்டுச் சேரலாமா? விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா? யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு, கிளப்புக்கு என்று இன்சூரன்ஸ் உண்டா? நம்பர் பிளேட்டும் வீட்டு வாசலும் தெரிகிற மாதிரிப் படங்களை எடுத்துப் பரப்புகிறார்களா? கடைசியாக, டிரைவில் புதியவரை எத்தனையாவது இடத்தில் விடுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம் என்பது என் அனுபவம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் புதுக் காரின் வேகத்தைப் போடும் இடத்துக்குக் கீழே, அந்தக் காரின் எடை முன்னால் எத்தனை பின்னால் எத்தனை, பின்சக்கர இயக்கமா முன்சக்கர இயக்கமா, புதிதாக வாங்குபவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். கிளப் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், அடுத்த டிரைவுக்கான கார்களின் வரிசையை இன்றைக்கே எடுத்துக் கடைசிப் பெயரையும் இரண்டாவது பெயரையும் மாற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஸ்போர்ட்ஸ் கார் கிளப் மெம்பர் ஒருவர்